நாய்க் காப்பகத்து இருமலுக்கு ஒரு நூறாண்டு வரலாறு



போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் போனில் அழைத்தான். 2006-இல் பத்தாம் வகுப்பு முடித்தவன். கடைசி பெஞ்ச். வரலாற்றுத் தேர்வில் ஆண்டுகளை மாற்றி மாற்றி எழுதுவான். ஆனால் பள்ளிக்கூட வாசலில் படுத்திருக்கும் நாய்களுக்கெல்லாம் பெயர் வைத்திருப்பான். "டீச்சர், ஊருக்கு வெளியே இடம் பார்த்து நாய்களுக்கு போர்டிங், டே கேர் ஆரம்பிக்கிறேன். ஒரு நல்ல தமிழ்ப் பெயர் சொல்லுங்க" என்றான். இரண்டு நாளில் சொல்கிறேன் என்றேன். இன்றுவரை சொல்லவில்லை. பெயருக்கு முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நாய் வளர்ப்பவர்கள் உங்களில் நிறைய பேர் இருப்பதால் அவனுக்கு மட்டும் அனுப்பாமல் இங்கே எழுதுகிறேன்.

நீளமான பதிவுதான். பெல் அடித்தாலும் டீச்சர் பாடத்தை முடிக்காமல் விடமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியாததா?

எங்கள் ஜிம்மியை உங்களில் பலர் பார்த்திருக்கிறீர்கள். நாட்டு நாய், எட்டு வயது. சென்ற ஆண்டு பேரனின் காதுகுத்துக்காக ஐந்து நாள் வெளியூர் போக வேண்டியிருந்தது. அவனை ஒரு போர்டிங்கில் விட்டேன். எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை, கேட்காதீர்கள். விடப்போன அன்றே உள்ளே ஒரு நாய் வறட்டு இருமல் இருமிக்கொண்டிருந்தது. "என்னப்பா அது?" என்று கேட்டேன். "தொண்டையில எலும்பு மாட்டியிருக்கும்மா, சரியாயிடும்" என்றான் அங்கிருந்த பையன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஜிம்மி வீட்டுக்கு வந்த நான்காம் நாள் இரவு அவனுக்கும் அதே இருமல். வாத்து கத்துவது போல ஒரு சத்தம், முடிவில் எதையோ துப்பப் போவது போல ஓர் ஓங்கரிப்பு. வாயைத் திறந்து எலும்பு தேடினேன். ஒன்றும் இல்லை. அதன்பின் நான் செய்த காரியத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் இதை 'கென்னல் காஃப்' என்பார்கள். நாய்கள் கூட்டமாக அடைபட்டிருக்கும் இடங்களில் பரவுவதால் அந்தப் பெயர். வரலாற்று டீச்சருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மருந்து என்ன என்று கேட்பதற்கு முன்பு, 'இது எப்போது ஆரம்பித்தது, யார் கண்டுபிடித்தார்கள்' என்று தேடுவாள். தேடினேன். கிடைத்தது ஒரு வழக்கு விசாரணை மாதிரியான கதை. குற்றவாளி பிடிபட்டான், விடுதலையானான், மறுபடியும் பிடிபட்டான்!

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நாய் வளர்ப்பவர்களின் பெரிய பயம் டிஸ்டெம்பர். காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் சளி, இருமல், வயிற்றுப்போக்கு, கடைசியில் வலிப்பு. வேட்டை நாய்ப் பட்டிகளில் அது புகுந்தால் குட்டிகள் கொத்துக் கொத்தாகச் சாகும். 1905-இல் பிரான்சில் ஹென்றி காரே என்ற கால்நடை மருத்துவர், பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியையும் தாண்டிப்போகும் ஒரு நுண்பொருள்தான் இதற்குக் காரணம் என்றார். இன்றைய சொல்லில், வைரஸ். பலர் அவரை நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணமும் இருந்தது. 1910-ஐ ஒட்டி, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நியூவெல் ஃபெர்ரி என்பவர் டிஸ்டெம்பர் வந்த நாய்களின் மூச்சுக்குழாயிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். 1911-இல் எடின்பரோவில் மெகோவன், தம் ஆய்வகத்து நாய், பூனை, முயல், கினிப்பன்றிகளிடையே பரவிய ஒரு தொற்றில் அதையே கண்டார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நியூயார்க்கில் டோரியும் ராஹேயும் கண்டார்கள். மூன்று ஊர்களிலும் ஒரே கிருமி. அப்புறம் என்ன சந்தேகம்? இதுதான் டிஸ்டெம்பர் கிருமி என்று பலரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

அதன் இன்றைய பெயர் போர்டடெல்லா பிராங்கிசெப்டிகா. முதல் பாதி, குழந்தைகளுக்கு வரும் கக்குவான் இருமல் கிருமியை 1906-இல் ஜெங்கூவுடன் சேர்ந்து வளர்த்துக் காட்டிய பெல்ஜிய விஞ்ஞானி ஜூல் போர்டே நினைவாக வந்தது. இரண்டு கிருமிகளும் ஒரே குடும்பம். இவற்றின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு 2003-இல் வெளியான ஆய்வு, நம் கக்குவான் கிருமி இந்த நாய் இருமல் கிருமியைப் போன்ற ஒரு மூதாதையிடமிருந்து பிரிந்து வந்தது என்று காட்டியது. ஜிம்மியின் இருமல் நமக்கு அவ்வளவு அந்நியமானது இல்லை.

ஃபெர்ரியின் முடிவு எங்கே தவறியது? அவர் கண்ட கிருமி உண்மையானது. ஆனால் சோதனைக்கு வாங்கிய நாய்கள் ஏற்கெனவே கூட்டத்தில் இருந்து வந்தவை. டிஸ்டெம்பர் வைரஸும் இந்த பாக்டீரியாவும் சேர்ந்தே அவற்றில் குடியிருக்கலாம். ஆய்வகத்திலும் எல்லா நாய்களும் ஒரே காற்றைச் சுவாசித்தன. ஊசி போட்ட நாய் இருமும், போடாத நாயும் பக்கத்தில் நின்று இருமும். எது எதனால் வந்தது என்று எப்படிச் சொல்வது?

இந்தச் சிக்கலை அவிழ்த்த இடம் லண்டனின் வடக்கே உள்ள மில் ஹில். 1923-இல் 'தி ஃபீல்ட்' என்ற வேட்டை, கிராமப்புற வாழ்க்கைப் பத்திரிகை தன் வாசகர்களிடம் டிஸ்டெம்பர் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டியது. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பொறுப்பேற்றது. பாட்ரிக் லெய்ட்லா என்ற மருத்துவரும் ஜார்ஜ் டன்கின் என்ற கால்நடை மருத்துவரும் வேலையைத் தொடங்கினார்கள்.

அவர்கள் வேலைக்கு அடிப்படையாக இருந்தது ஒரு வேலிதான். வெளியுலகத் தொற்று எதுவும் புகாத ஒரு தனி வளாகம் கட்டி, அதற்குள்ளேயே நாய்களை ஈன்று வளர்த்தார்கள். உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும் உடையைக் களைந்து, கிருமிநாசினி கலந்த நீரில் குளித்து, உள்ளே வைத்திருக்கும் உடையை மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். விஞ்ஞானிக்கும் அதே விதி, தட்டுக் கழுவுகிறவருக்கும் அதே விதி. நூறு வருடத்துக்கு முன்பு, ஒரு நாய்க் கூட்டத்துக்குள் நோய் புகாமல் காக்க என்ன வேண்டும் என்பதை அவர்கள் செய்து காட்டிவிட்டார்கள். அப்படிச் சுத்தமாக வளர்ந்த நாய்களைக் கொண்டு, காரே சொன்னது சரி, டிஸ்டெம்பருக்குக் காரணம் வைரஸ்தான் என்று நிறுவினார்கள். 1920-களின் கடைசியில் தடுப்பூசி முறையும் வந்தது.

நாய்களோடு ஃபெரெட் என்ற பிராணியையும் அவர்கள் பயன்படுத்தினார்கள். நம்மூர்க் கீரி போல நீண்ட உடம்புக்காரன். அதற்கும் டிஸ்டெம்பர் வரும். 1933-இல் இதே லெய்ட்லா, வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ் மூவரும் மனித இன்ஃப்ளுயன்சா வைரஸை முதன்முதலாகப் பிரித்தெடுத்ததும் ஃபெரெட்டுகளை வைத்துத்தான். பிறகு ஒரு முறை, நோயுற்ற ஃபெரெட் ஒன்று ஆய்வாளர் ஒருவரின் முகத்திலேயே தும்ம, அவரும் காய்ச்சலில் படுத்தார். 1936-இல் அதையும் ஆய்வுக் கட்டுரையாக எழுதிவிட்டார்கள்! ஒரு தும்மலுக்கு முன்னால் அத்தனை கட்டுப்பாடும் தோற்ற நாள் அது.

டிஸ்டெம்பர் வழக்கில் போர்டடெல்லா விடுதலையானது. விடுதலையானதோடு மறக்கவும் பட்டது. 'வேறு நோய் வந்தபின் உள்ளே புகும் சில்லறைக் கிருமி' என்று ஒதுக்கிவிட்டார்கள். பிறகு காப்பகத்து இருமலுக்குப் புதிய குற்றவாளிகள் வரிசையாக வந்தார்கள். 1962-இல் கனடாவின் டிட்ச்ஃபீல்ட் குழு ஓர் அடினோ வைரஸைச் சொன்னது. 1967-இல் அமெரிக்காவில் ஆய்வக நாய்களிடம் பாராஇன்ஃப்ளுயன்சா வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. 1970-களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் பழைய போர்டடெல்லாவை மறுபடி கூண்டில் ஏற்றினார்கள். வேறு எந்தத் துணையும் இல்லாமல் அது தனியாகவே நாயை இருமவைக்கும் என்று நிரூபித்தார்கள். நம் மூச்சுக்குழாயின் உள்சுவரில் நெல்வயல் போல நுண்மயிர்கள் அசைந்து சளியையும் தூசியையும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். இந்தக் கிருமி அந்த மயிர்களில் ஒட்டிக்கொண்டு அசைவை முடக்கிவிடும். குப்பை வண்டி வராத தெரு போல ஆகிவிடும் மூச்சுக்குழாய். அதன்பின் வேறு எந்தக் கிருமியும் சுலபமாக நுழையும்.

கதை அங்கும் முடியவில்லை. 2003-இல் லண்டனில், கைவிடப்பட்ட நாய்களுக்கு வீடு தேடித் தரும் ஒரு காப்பகத்தில் புதிய கொரோனா வைரஸ் ஒன்று கண்டறியப்பட்டது. (நம்மைப் படுத்திய கொரோனா வேறு, இது வேறு.) 2004 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு பந்தயத் திடலில் 22 கிரேஹவுண்டு நாய்கள் நோயுற்றன, 8 இறந்தன. காரணம், குதிரைகளிடமிருந்து தாவிய இன்ஃப்ளுயன்சா. 2015-இல் சிகாகோ வட்டாரத்தில் இன்னொரு வகை நாய் இன்ஃப்ளுயன்சா ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களுக்குப் பரவியது. டே கேர்களும் போர்டிங்குகளும் கதவைச் சாத்த வேண்டியதாயிற்று.

பிள்ளைகளே, 'முதல் உலகப் போருக்கு ஒரே காரணம் எழுதினால் அரை மார்க்தான்' என்று நான் சொன்னது நினைவிருக்கிறதா? இங்கேயும் அதே பாடம். இந்த இருமலுக்கு ஒரே குற்றவாளி இல்லை. அதனால்தான் மருத்துவர்கள் இன்று 'கூட்டு நோய்' என்கிறார்கள். கிருமியின் பெயர் பத்து இருபது வருடத்துக்கு ஒரு முறை மாறியது. மாறாதது, அது பரவும் வழி. பட்டி, ஆய்வகம், பந்தயத் திடல், டே கேர் எதுவானாலும் அதே நெருக்கம், அதே அடைந்த காற்று, அதே கைகள், அதே தண்ணீர்க் கிண்ணம்.

தம்பி, இனி உனக்கு. பெயர்ப் பலகை எழுதுவதற்கு முன்பு இதைக் குறித்துக்கொள்.

கட்டட வரைபடத்திலேயே ஒரு தனி அறை போடு. அதற்குத் தனி வாசல், தனிக் காற்று, தனிக் கிண்ணங்கள். இருமல் வந்தபின் தனி இடம் தேடினால் ஸ்டோர் ரூம்தான் கிடைக்கும். அறைகளில் மணிக்கு 10 முதல் 20 முறை காற்று முழுவதும் மாறவேண்டும் என்பது காப்பகங்களுக்கான பொதுவான அளவு. ஸ்பிளிட் ஏசி குளிர்விக்கும், ஆனால் அதே காற்றைத்தான் சுற்றிவிடும். ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும் வேண்டும். குரைக்கும்போதும் நீர்த்துளி தெறிக்கும் என்பதை மறக்காதே.

வாசலில் இரண்டு கேள்வி கேள். கடந்த இரண்டு வாரத்தில் இருமியதா? வேறு காப்பகத்தில் இருந்ததா? தடுப்பூசிப் புத்தகத்தில் 'போட்டாச்சு' என்பதை மட்டும் பார்க்காதே, தேதியைப் பார். மூக்கில் விடும் போர்டடெல்லா மருந்து வேலை செய்யச் சில நாட்களாவது வேண்டும். வருவதற்கு ஒரு வாரம் முன்பாவது போட்டிருக்க வேண்டும். ஊசியாக முதல் முறை போட்டால் இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை. காலையில் போட்டு மாலையில் கொண்டுவந்தால் பலன் இல்லை. தடுப்பு மருந்து நோயின் கடுமையைக் குறைக்கும். முழுக் கவசம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதே.

எல்லா நாயையும் ஒரே மைதானத்தில் அவிழ்த்துவிடாதே. சிறு குழுக்களாகப் பிரித்து, தினமும் அதே குழுவில் வை. ஒரு குழுவில் இருமல் வந்தால் அங்கேயே நிற்கும். குட்டிகள், கிழட்டு நாய்கள், பக் மாதிரி சப்பை மூக்கு நாய்கள் ஆகியோருக்குத்தான் இது நிமோனியாவாகத் திரும்பும் பயம் அதிகம். அவர்களைத் தனியாகக் கவனி.

வேலை செய்பவர்களுக்கு ஒரு வரிசை சொல்லிக்கொடு. ஆரோக்கியமான நாய்கள் முதலில், இருமும் நாய் கடைசியில். நடுவே சோப்புப் போட்டுக் கைகழுவல், தனி அறைக்குத் தனி மேலுடை. தரையை முதலில் சோப்பால் தேய்த்து அழுக்கை எடு. அழுக்கின் மேல் பிளீச் ஊற்றினால் பிளீச்தான் வீணாகும். வீட்டு உபயோகத் திரவ பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் 32 பங்கு, பத்து நிமிடம் ஊறட்டும், அலசிக் காயவிடு. அந்த நேரத்தில் நாய்கள் வெளியே இருக்கட்டும். அந்த நெடியே இருமலைக் கிளப்பும்.

இருமல் கேட்டால் அந்த மணி நேரத்திலேயே தனி அறை, உரிமையாளருக்குப் போன், மருத்துவர். நோட்டில் தேதி போட்டு எழுது. தொற்றிய நாய் இருமத் தொடங்க 2 முதல் 14 நாள் வரை ஆகலாம். அதனால் கூட இருந்த எல்லா நாய்களின் வீட்டுக்கும் சொல். கடைசி இருமலுக்குப் பிறகு இரண்டு வாரமாவது புதிய நாய்களைச் சேர்க்காதே. இன்ஃப்ளுயன்சா என்று தெரிந்தால் நான்கு வாரம் தனிமை. குணமான நாய் போர்டடெல்லாவை இரண்டு மூன்று மாதம்கூடப் பரப்பக்கூடும். அதனால் இருமல் நின்றதும் குட்டிகள் பக்கம் விட்டுவிடாதே.

பெரும்பாலான நாய்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் தானே சரியாகும். ஓய்வு, தண்ணீர், கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை. சாதாரண இருமலுக்கு உடனே ஆன்டிபயாடிக் தேவையில்லை என்பதே 2017-இல் சர்வதேச நிபுணர் குழு ஒன்று வெளியிட்ட வழிகாட்டுதல். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். நம் இருமல் மருந்தையும் பாராசிட்டமாலையும் கொடுக்கவே கொடுக்காதே, நாய்க்கு அவை விஷமாகலாம். சாப்பாட்டை ஒதுக்கினால், காய்ச்சல் அடித்தால், மூச்சு வேகமாக வாங்கினால், சோர்ந்து படுத்துவிட்டால் காத்திருக்கக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரி.

இனி, கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது.

ஜிம்மி இருமத் தொடங்கிய மறுநாள் தங்கை வீட்டில் விசேஷம். அவனைத் தனியாக விட மனமில்லாமல் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே அவள் பேரன் ஆசைப்பட்டு வாங்கிய பத்து வாரக் குட்டி, புஜ்ஜி. ஜிம்மி வாசலில் ஒரு முறை இருமினான். "என்னக்கா, சளியா?" என்று தங்கை கேட்டாள். "தொண்டையில ஏதோ மாட்டியிருக்கு, சரியாயிடும்" என்றேன்.

கவனித்தீர்களா? அந்தப் பையன் சொன்ன அதே வார்த்தை. முந்தின இரவு வாயைத் திறந்து பார்த்து, ஒன்றும் மாட்டவில்லை என்று தெரிந்துகொண்ட பிறகு சொன்னேன். நல்ல நாளில் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற கூச்சம். இரண்டு பேரும் மாலை வரை ஒரே கிண்ணத்தில் தண்ணீர் குடித்தார்கள்.

ஜிம்மி இரண்டு வாரத்தில் தேறிவிட்டான். புஜ்ஜிக்கு ஐந்தாம் நாள் இருமல் வந்து, நெஞ்சில் சளி கட்டி, நிமோனியா என்றார்கள். அந்த வாரமே போய்விட்டது. பேரன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மாதக்கணக்கில் அந்த போர்டிங்கைத் திட்டிக்கொண்டிருந்தேன். என் பங்கை யாரிடமும் சொல்லவில்லை. இந்த வரலாற்றைப் படிக்கப் படிக்கத்தான், ஒரே ஒரு குற்றவாளியைத் தேடுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது என்று புரிந்தது. தேடுகிறவர் தப்பித்துக்கொள்ளலாம்.

தங்கையிடம் போன வாரம் நேரில் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அன்னிக்கே சொல்லியிருந்தா குட்டிய மாடியில விட்டிருப்பேன்க்கா, உன்னையா அனுப்பியிருப்பேன்?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இதை இங்கே எழுத அவளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

தம்பி, மில் ஹில் மாதிரி வேலி உன்னால் கட்ட முடியாது. உன் வாசலில் தினமும் புதுப்புது நாய்கள் வந்து போகும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் உன் இடத்திலும் இருமல் கேட்கும். அன்று வாடிக்கையாளர் போய்விடுவாரோ என்று பயந்து எலும்புக் கதை சொல்லாதே. போனை எடுத்துச் சொல். சிலர் கோபப்படுவார்கள். ஏதோ ஒரு வீட்டில் ஒரு குட்டியை மாடிக்கு அனுப்புவார்கள்.

பெயரை அடுத்த வாரம் சொல்கிறேன். அதற்குள் அந்தத் தனி அறை வரைபடத்தில் வந்துவிட்டதா என்று எனக்குப் போட்டோ அனுப்பு.

நாயை எங்கேயாவது விடப்போகிற மற்றவர்களும் உள்ளே போனதும் ஒரு நிமிடம் சும்மா நின்று காது கொடுத்துக் கேளுங்கள். இருமல் கேட்டால், பஸ் போனாலும் பரவாயில்லை, திரும்பி வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாறு டீச்சர்